உருண்டைச் சாமிக்கு ஒரு செம்புத் தண்ணீர்

மலேசியாவின் குளுவாங்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிறு நன்றாக இருக்கிறவனுக்கு மரியாதை கிடையாது. ஊரே உருண்டைச் சாமியின் வாசலில் நிற்கும்போது, "எனக்கு நல்லா செரிக்குதுங்க" என்று ஒருவன் சொன்னால் அவனை யார் மதிப்பார்கள்? மருந்து வைக்கும் அளவுக்கு அவனுக்கு ஒரு எதிரிகூட இல்லை என்றுதான் அர்த்தம். பாவம், யாருமே பொறாமைப்படாத ஜென்மம்.

மருந்து என்றால் கிளினிக்கில் கொடுக்கிற மருந்து இல்லை. சோற்றில் வைக்கிற மருந்து. நம்மைப் பிடிக்காதவர்கள் முடி, சாம்பல், மந்திரம் மூன்றையும் சேர்த்து உருட்டி நம் சாப்பாட்டில் கலந்துவிடுவார்களாம். அது வயிற்றுக்குள் போய் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் அப்படியே இருக்குமாம். வயிறு உப்பும். ஏப்பம் ஏப்பமாக வரும். காற்று பிரியும், அதுவும் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திய நேரம் பார்த்துப் பிரியும். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த உருண்டைதானாம்.

அதை உறிஞ்சி எடுக்கிறவர் உருண்டைச் சாமி. எங்கள் குடியிருப்புத் தாமானில் கடைசி வீடு அவருடையது. கார் நிறுத்தும் இடத்தில் பந்தல், பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் நம்பர் சீட்டு, அம்மன் படத்துக்குக் கீழே தட்சணைக்கு ஸ்கேன் செய்கிற அட்டை. மூவாரிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். தங்காக்கிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள் பாலம் தாண்டி வருகிறார்கள். பாலத்து நெரிசலில் உட்கார்ந்தே பாதி வயிறு கெட்டுவிடும், மீதியைச் சாமி பார்த்துக்கொள்வார். பந்தலுக்குள் போய் நின்றால் பேச்சுச் சத்தத்தைவிட வயிற்றுச் சத்தம்தான் அதிகமாகக் கேட்கும்.

வைத்தியம் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். சாமி முதலில் வயிற்றைத் தட்டிப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடி, "சோறு போட்ட கை ஒண்ணு தெரியுது... பொம்பள கை" என்பார். அடேயப்பா, என்ன ஞானம். நம் வீடுகளில் சோறு போடுகிற கை வேறு யாருடையதாக இருக்கும்? வந்தவர் உடனே அண்ணியையோ கொழுந்தியாவையோ நினைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். மாமியார் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை.

அப்புறம் சாமி எழுந்து திரைக்குப் பின்னால் போவார், அம்மாவிடம் உத்தரவு வாங்க. திரும்பி வரும்போது மௌனம். அந்த மௌனத்தோடு ஒரு பித்தளைக் குழாயைத் தொப்புளில் வைத்துக் கண் பிதுங்க உறிஞ்சுவார். உறிஞ்சியதை ஒரு பீங்கான் மங்குத் தட்டில் துப்புவார். பார்த்தால் வெள்ளை உருண்டை, நடுவில் முடி. கூட்டம் "தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கடைசியில் பத்தியம். ஒரு மண்டலத்துக்கு வெங்காயம் ஆகாது, பூண்டு ஆகாது, பருப்பு ஆகாது, பால் ஆகாது, கோதுமை ஆகாது. நடுநடுவே கொறிக்கக் கூடாது. தண்ணீரை எச்சில் படாமல் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு சங்கடம். நான் பொய் சொல்ல மாட்டேன், பலருக்கு வயிறு உண்மையிலேயே வடிந்தது. சாமிக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்கும். ஆனால் மண்டலம் முடிந்த மறுநாள் காலையில் ஜனங்கள் பருப்புக் குழம்பு ஊற்றிப் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் நாலு சாப்பிட்டு, மேலே பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக்கும் ஒன்று குடித்தார்கள். சாயங்காலத்துக்குள் வயிறு பழையபடி பானையானது. ஓடி வந்தார்கள். சாமி கண்ணை மூடி, "இது வேற கை" என்றார். இப்படியே ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கை. தங்காக் துணிக்கடைக்காரர் ஒருவருக்கு நாலாவது முறை வந்தபோது சந்தேகப்பட ஆளே மிஞ்சவில்லை. இப்போது அவர் தன் கையையே நம்பாமல் கரண்டியில் சாப்பிடுகிறார்.

இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தார் காளியப்பன். செம்பனைப் பழம் ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர். மனைவி போன பிறகு தனிக்கட்டை. மைக் இல்லாமல் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல், மனசு மட்டும் வெல்லம். ஒரு வருஷமாக எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பி, ஸ்டியரிங் சக்கரத்தில் இடித்துக்கொண்டு ஓட்டினார்.

முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். அங்கே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். மூச்சுக் காற்றைச் சோதித்த டாக்டர், "சிறுகுடல்ல கிருமி ரொம்பப் பெருகிப் போச்சு. நீங்க சாப்பிடுறத அது புளிக்க வச்சுக் காத்தாக்குது" என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். காளியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்த வயசுல என்னயப் போயி பலூன் ஊதச் சொல்றானுங்க, ஐயோ அலமாக்" என்று மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு, கௌரவமான வைத்தியம் தேடிப் போனார். அதாவது, ஒருவர் குழாய் வைத்துத் தன் தொப்புளை உறிஞ்சுகிற வைத்தியம்.

அவரை அழைத்துப் போனது சதாசிவம். கோயில் கமிட்டியில் இருப்பவர், சாமியின் வலது கை மாதிரி பந்தலில் எப்போதும் உட்கார்ந்திருப்பவர். கெட்டவர் இல்லை. ஆனால் வாயில் எதுவும் நிற்காது. காளியப்பன் எங்கே சாப்பிடுகிறார், தங்கச்சி என்ன செய்கிறாள் என்று முதல் நாளே சாமியிடம் ஒப்பித்துவிட்டார், ஏதோ உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

சாமி காளியப்பன் வயிற்றைத் தட்டினார். கண்ணை மூடினார். "கடை வச்சிருக்கிற கை. கூடப் பொறந்த ரத்தம்" என்றார். "பழைய மருந்துப்பா இது. வர்ற ஞாயித்துக்கெழமதான் எடுக்க முடியும். அதுவரைக்கும் அந்தக் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்காத."

காளியப்பனின் தங்கை கஸ்தூரி பாசாருக்குப் பக்கத்தில் ஒட்டுக்கடை வைத்திருக்கிறாள். மத்தியானச் சோற்றுக் கடை. அண்ணி இறந்த நாளிலிருந்து அண்ணனுக்கு அவள் கைச் சோறுதான். அன்று மத்தியானம் அண்ணன் வந்து, நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நின்றபடியே சொன்னார்.

"இனிமே உன் கையால சாப்பிட மாட்டேன் கஸ்தூரி."

"ஏண்ணே, உப்பு கூடிப் போச்சா?"

"மருந்து வச்சிருக்கியாமே."

கஸ்தூரி கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"சாமி சொன்னாரு. அவரு எதுக்கு லா பொய் சொல்லப் போறாரு?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் கையைக் கழுவாமலேயே எழுந்து போனார்கள். மறுநாள் கடையில் ஈ ஓட்ட வேண்டியிருந்தது. நேற்று வரை ரசம் கேட்டு இரண்டாவது தடவை தட்டை நீட்டியவர்கள், இன்று எதிர்ச்சாரியில் நடந்தார்கள். அவர்கள் போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் தினமும் கடையைத் தாண்டும்போது ஹார்ன் அடித்துவிட்டுப் போகிற அண்ணன் லோரி, சத்தமில்லாமல் போனது. பெட்ரோல் போடுகிற எண்ணெய்க்கடையில் பாக்கெட் ரொட்டி வாங்கித் தின்கிறார் என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பதினைந்து வருஷம் சோறு போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் கஸ்தூரி நன்றாக யோசிப்பாள். அண்ணன் போகாமல் விட்ட சாப்பாட்டு ஆலோசகரை அவளே போய்ப் பார்த்தாள். அங்கே இருந்தது ஷிரீன் என்ற பெண். மூவார்க்காரி, பொறுமைசாலி. அண்ணன் கதையை முழுசாகக் கேட்டாள்.

"அக்கா, மாத்திரைய டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் முழுசா சாப்பிடணும், அது முக்கியம்" என்றாள் ஷிரீன். "கூடவே கொஞ்ச வாரத்துக்கு அந்தக் கிருமிக்குப் பிடிச்ச சாப்பாட்டக் குறைக்கணும். வெங்காயம், பூண்டு, பருப்பு, பாலு, கோதுமை. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவுல எதுவும் கொறிக்காம வயித்துக்கு ஓய்வு குடுக்கணும். சோறு, மீனு, முட்டை, வெள்ளரிக்கா, கேரட் எல்லாம் சாப்பிடலாம். இஞ்சி, மஞ்சள் போட்டுக்கலாம்."

கஸ்தூரி சிரித்துவிட்டாள். "இதத்தானே தங்கச்சி அந்தச் சாமியும் பத்தியம்னு சொல்றாரு."

"அப்படியா?" ஷிரீனுக்கும் சிரிப்பு வந்தது. "அப்ப குழாய் வைக்காமலே வயிறு வடிஞ்சிருக்கும். ஆனா இதையே காலமெல்லாம் பண்ணக் கூடாதுக்கா. வயிறு சரியானதும் ஒண்ணொண்ணா திரும்பச் சேர்த்துப் பார்க்கணும், எது ஒத்துக்குது எது ஒத்துக்கலன்னு. இல்லாட்டி சத்து போயிடும். ஒரே நாள்ல எல்லாத்தையும் அள்ளிப் போட்டா மறுபடி உப்பத்தான் செய்யும்."

கஸ்தூரிக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதி அந்த உருண்டை. வயிற்றைத் துளைக்காமல், தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல், குழாய் வழியே முடியோடு ஒரு உருண்டை எப்படி வரும்? ஞாயிறு அளவுக்கு இல்லாவிட்டாலும் மற்ற நாளிலும் சாமிக்குக் கூட்டம் உண்டு. அடுத்த நாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பந்தலின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தாள். சாமி சரியான வாயாடி. வயிற்றைத் தட்டிக்கொண்டே பேசுவார், விசிறிக்கொண்டே பேசுவார், கார் எங்கே நிறுத்த வேண்டும் என்றுகூட அவர்தான் கத்துவார். அப்படிப்பட்ட மனிதர் திரைக்குப் பின்னால் போய்விட்டு வந்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. உருண்டையைத் துப்பிய அடுத்த நிமிஷம் மறுபடியும் தொணதொண. கஸ்தூரி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை. பந்தல் நிரம்பி வழிந்தது. தங்கச்சி வைத்த மருந்தை எடுக்கப் போகிறார்கள் என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? நல்ல குடும்பச் சண்டைக்கு நம் ஜனம் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வரும். காளியப்பன் சட்டையைத் தூக்கிக்கொண்டு பாயில் மல்லாந்து கிடந்தார். சாமி வயிற்றைத் தட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். மௌனமாகத் திரும்பி வந்தார். குழாயைக் கையில் எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சாமி" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

கஸ்தூரி ஒரு எவர்சில்வர் செம்போடு முன்னால் வந்தாள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. மருந்து வைக்கிற கை தங்கள் மேல் பட்டுவிடக் கூடாதே.

"நான்தான் மருந்து வச்சேன்னு சொன்னீங்க. சரி, அப்படியே இருக்கட்டும்" என்றாள். "இந்தத் தண்ணிய என் கையால வாங்கிக் குடிங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா உங்க சக்தி பெருசுன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, கடைய மூடிட்டுப் போயிடுறேன்."

சாமி தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். வாயைச் சுட்டிக் காட்டி, விரலை உதட்டில் வைத்தார்.

"பேசத்தானே கூடாது, குடிக்கலாமே?"

கூட்டத்துக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. "குடிச்சுக் காட்டுங்க சாமி" என்றது ஒரு குரல். "இந்தப் பொம்பளைக்கா பயப்படுறாரு?" என்றது இன்னொன்று. சதாசிவம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். "எங்க சாமி ஒரு ட்ரம்மு குடிப்பாரு. குடுங்க இப்படி" என்று செம்பைத் தானே வாங்கிச் சாமியின் கையில் திணித்தார். பக்தனை வைத்துக்கொண்டு ஒரு சாமி படுகிற பாடு இருக்கிறதே, அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சாமி செம்பை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"ஐயையோ சாமி, வாய் வச்சுக் குடிக்கக் கூடாது" என்றாள் கஸ்தூரி. "நீங்க போட்ட சட்டம்தானே. அண்ணாந்து குடிங்க."

"ஆமாமா, அண்ணாந்து, அண்ணாந்து" என்றது கூட்டம். எல்லாரும் பத்தியம் படித்த பிள்ளைகள்.

சாமி வேறு வழியில்லாமல் அண்ணாந்து ஊற்றினார். முதல் மடக்கு எப்படியோ போனது. இரண்டாவது மடக்கு போகவில்லை. கண் பிதுங்கியது. முகம் சிவந்தது. "க்ஹ்... க்ஹ்" என்று இருமிக்கொண்டு குனிந்தார். குழாய் உருண்டு ஓடியது. சதாசிவம் பதறிப்போய் முதுகில் ஓங்கித் தட்டினார். அப்போது சாமியின் வாயோரத்தில் கறுப்பாக ஒரு முடி எட்டிப் பார்த்தது.

"சாமி, வாயில முடி" என்று சொல்லிக்கொண்டே சதாசிவம் பக்தியோடு அதைப் பிடித்து இழுத்தார். முடி வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளத்துக்கு வந்து, கடைசியில் அதன் நுனியில் தொங்கிக்கொண்டு வெள்ளையாக ஒரு உருண்டையும் வந்தது.

பந்தலில் வயிறுகள்கூட மூச்சு விடவில்லை. சதாசிவம் உருண்டையைப் பார்த்தார். கீழே உருண்டு கிடந்த குழாயைப் பார்த்தார். பாயில் கிடந்த காளியப்பனின் வயிற்றைப் பார்த்தார். அந்த வயிற்றில் இன்னும் குழாய் படவே இல்லை.

ஆனால் சாமி லேசுப்பட்டவர் இல்லை. வாய் காலியானதும் பழைய வாயாடி திரும்பிவிட்டார். "பாத்தீங்களா, பாத்தீங்களா, எனக்கே வச்சுட்டா. தண்ணியில மருந்து வச்சுட்டா" என்று கத்தினார்.

நம்ப மாட்டீர்கள், பாதிக் கூட்டம் "ஆமாம்லா" என்றது. ஒரு பாட்டி கஸ்தூரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கஸ்தூரி செம்பை எடுத்து, மீதித் தண்ணீரை எல்லார் கண் முன்னாலும் மடமடவென்று குடித்தாள். செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். "தண்ணிதான். சரி, அது போகட்டும். எங்கண்ணன் வயித்துல ஒண்ணு இருக்குன்னீங்கள்ல? அத எடுங்க. வாயக் கொப்பளிச்சுட்டு, திரைக்குப் பின்னால போகாம, இங்கயே எடுங்க."

எல்லாரும் சாமியைப் பார்த்தார்கள். சாமி வாயைக் கொப்பளித்தார். குழாயை வைத்தார். உறிஞ்சினார். இடம் மாற்றி உறிஞ்சினார். முட்டி போட்டு உறிஞ்சினார். வியர்வை காளியப்பனின் தொப்புளில் சொட்டியது. பாவம் காளியப்பன், எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? பர்ர்ரென்று ஒரு நீண்ட சத்தம் கேட்டது. வெளியே வந்தது காற்று மட்டும்தான், அதுவும் குழாய்க்குச் சம்பந்தமில்லாத வழியாக.

முதலில் சிரித்தது ஒரு குழந்தை. அப்புறம் பந்தலே சிரித்தது. காளியப்பன் சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், நேராகப் போய்த் திரையை இழுத்தார். அம்மன் இல்லை. ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. அதற்குள் ஐஸ் கட்டி வார்க்கிற தட்டு. குழிக்கு ஒன்றாக, அரிசி மாவு உருண்டைகள், ஒவ்வொன்றிலும் சவுரி முடி சொருகி. நாளைக்கு வரப்போகிறவர்களுக்கும் இன்றைக்கே மருந்து தயார்.

"அடப்பாவி, என் தங்கச்சி கையவா சொன்ன?" என்றார் காளியப்பன். அந்தக் குரல் நாலு தெருவுக்கும் கேட்டிருக்கும். சாமி, அதாவது தங்காக் பக்கம் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்த அர்ச்சுனன், பின்வாசல் வழியாகப் போனவர்தான். போலீஸில் புகார் கொடுக்க மறுநாள் போனவர்களில் பாதிப் பேர், வயிற்றைப் பற்றியும் இன்ஸ்பெக்டரிடமே விசாரித்துவிட்டு வந்தார்கள்.

கலையும்போது தங்காக் துணிக்கடைக்காரர் மட்டும் கஸ்தூரியை விடவில்லை. "அப்ப எனக்கு எப்படிம்மா கொறஞ்சுச்சு?"

"வெங்காயம், பருப்பு, பாலு எல்லாம் நிறுத்துனீங்கள்ல, அதுல கொறஞ்சுச்சு. மறுநாளே எல்லாத்தையும் சேத்து அள்ளிப் போட்டீங்க, அதுல ஏறுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயி என்னன்னு பாருங்க. வீட்டுல எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேளுங்க. கரண்டியக் கீழ வைங்க."

அடுத்த வாரம் மத்தியானம் கடை வாசலில் ஒரு லோரி ஹார்ன் அடித்தது. கஸ்தூரி நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் தட்டைக் கழுவி வைத்தாள். காளியப்பன் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, வெகுநேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாத்திரைய மறுபடியும் டாக்டர்கிட்ட போயி வாங்கிட்டேன். அந்த ஷிரீன் பிள்ளையையும் பாத்துட்டேன்" என்றார். அப்புறம், "உன்னயப் போயி சந்தேகப்பட்டேன் பாரு. எனக்கு வெக்கமா இருக்குடி."

"எனக்கு எவ்வளவு வலிச்சுச்சு தெரியுமாண்ணே? வெளி ஆளு சொன்னா பரவால்ல, நீ நம்புன பாரு." அவள் சோற்றை வைத்து, பொரித்த மீனையும் இஞ்சி போட்ட வெள்ளரிக்காய்ப் பச்சடியையும் வைத்தாள். "இப்ப சாப்பிடு."

காளியப்பன் ஒரு வாய் எடுத்து வைத்தார். "வெங்காயமே இல்ல?"

"இல்ல."

"சாம்பாரு?"

"கொஞ்ச வாரம் போவட்டும். முதல்ல ஒரு கரண்டி, அப்புறம் பாப்போம்."

அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். எதிர்ச்சாரியில் நடந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்தார்கள். மருந்து வைத்த கை என்று ஓடியவர்களே, "கஸ்தூரி, அந்த வெங்காயம் இல்லாத சாப்பாடு இருக்கா?" என்று கேட்டார்கள். அவள் யாரையும் திட்டவில்லை. ரசம் மட்டும் இரண்டாவது தடவை ஊற்றவில்லை.

கடைசியாக வந்தது சதாசிவம். அந்த முழங்கை நீள முடியை இன்னும் பர்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறார், எதற்கென்று அவருக்கே தெரியாது. சாப்பிட்டு முடித்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கஸ்தூரி, மூவாருல ஒருத்தர் வந்திருக்காராம். வயித்துல இருக்கிறத காது வழியா எடுக்கிறாராம். அது உண்மையா இருக்குமோ?"

கஸ்தூரி அவர் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "அண்ணே, காதுக்குப் பக்கத்துலதான் மூளை இருக்கு. அவரு குழாய வைக்கிறதுக்கு முன்னாடி, அத ஒரு வாட்டியாச்சும் பயன்படுத்திப் பாத்துடுங்க."

அது சதாசிவத்துக்கு மட்டும் சொன்ன பேச்சு இல்லை, ஐயா.